மைனஸ் முக்கால், அச்சு தொண்ணூறு

கம்மவான்பேட்டையிலிருந்து வந்திருந்தார் ஹவில்தார் ஞானவேலு.
லீவு முடிய ஒன்பது நாள்.
கண்ணாடி வேண்டாம் என்றார், உட்காரும் முன்பே.
மேசைமேல் நான்கு தாள்களைப் பரப்பினார்.
வெறும் குறுக்குக் கோடு.
புள்ளி வைத்த குறுக்குக் கோடு.
கீழே போகப் போகக் கிளை அகலும் ஒன்று,
புள்ளி வைத்துவிட்டு இழுக்க மறந்த கோலம் போல.
நடுவில் மட்டும் எதுவுமே இல்லாமல் ஒன்று.
"போட்டிக்குப் புது ஸ்கோப் வருது மேடம்.
ரெட்டிகிளை நானே எடுக்கணும்.
என் கண்ணு எதைத் தாங்கும், சொல்லுங்க."

பதினாறு வருடமாக லாங் பஜாரில்
எழுத்தைச் சிறிதாக்கிக் காட்டியே பிழைக்கிறேன்.
இப்படி யாரும் கேட்டதில்லை.

ஆயிரம் மீட்டரில் ஒரு மில் என்பது ஒரு மீட்டராம்.
அப்படியானால் ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்,
என் கடைக்குள்ளேயே அடங்கும் தூரம்.
ஃபிரேம் பெட்டியின் பிளாஸ்டிக் தாளை வெட்டி
இருப்பதில் மெல்லிய பேனாவால் நான்கையும் வரைந்து
மலை பார்த்த மாடி ஜன்னலில் ஒட்டினேன்.

இடக்கண்ணைப் பொத்தி நின்றார்.
மே மாதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பாறையெல்லாம் கொதிக்கிற கஞ்சியாய் அசைந்தது.
"கானல். அதுலதான் காத்தைப் படிப்போம்.
நேரா எழும்பினா காத்து இல்ல.
சாஞ்சு ஓடினா இருக்கு."

கோடு எப்படி இருக்கு?

"படுத்த கோடு முடி மாதிரி இருக்கு.
நிக்கிற கோடுதான் நூல் பிரிஞ்சு கிடக்கு."
படுத்த கோட்டின்மேல், காற்றுக்கென நட்ட குச்சிகளில்
இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிக்கொண்டன.
எண்ணினார். நிறுத்தினார்.
முதலிலிருந்து எண்ணினார்.

மைனஸ் முக்கால் சிலிண்டர், அச்சு தொண்ணூறு.
இத்தனை நாளும் அவர் திருத்திக்கொண்டிருந்த காற்றில்
கொஞ்சம் அவர் கண்ணுக்குள்ளேயே அடித்திருக்கிறது.

"எழுதாதீங்க."

கண்ணாடி போட்டுக்கிட்டே சுடலாமே என்றேன்.

"சுடலாம். பேப்பர்ல ஏறினா
என் இடத்துக்கு ரெண்டு பையனுங்க நிக்கிறாங்க."

பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.

நான்காவதைத் தொட்டார்.
"எவ்ளோ மெலிசு கோடும் அங்க போனா
அஞ்சு சென்டிமீட்டரை முழுங்கிடும்.
நடுவு காலியா இருக்கட்டும்.
குச்சி எண்ணுற வேலை வேணாம்,
காத்துக்குக் குமிழைத் திருப்பிக்கிறேன்."
ரசீது கேட்கவில்லை.
பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது,
எதிரே எண் இல்லை.

விளக்குப் போடும் நேரம்.
தாள்களைக் கழற்றப் போனேன். மூன்று வந்துவிட்டன.
நான்காவதன் பின்னால், மலைச்சரிவில்
தலைச்சுமையோடு யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்.
காலியான நடுவுக்குள் வந்ததும்
சுமையை இறக்கி, இடுப்பில் கைவைத்து நின்றார்.
நான் வரைந்த இடைவெளி, இரண்டு மில்.
தலைமுதல் கால்வரை அதில் அடங்கினார்.
கேட்காமலேயே வந்தது கணக்கு.
ஆள் ஒன்று அறுபது.
எண்ணூறு மீட்டர்.

நகத்தால் மூலையை நெம்பி இழுத்தேன்.
தாள் வந்தது, பசை வரவில்லை.
நாளைக்கு ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும்.