நாலரை

வில்லாபுரம் ஹவுசிங்போர்டு, இரண்டாம் மாடி.
கத்திரி பிறந்து ஆறாம் நாள்.
ஃபேனுக்கு நேர் கீழே நிற்கின்றன
பனிச்சறுக்கு பூட்ஸ் இரண்டு,
ஆரஞ்சு ஓடு, ஆளுக்கு நாலு கொக்கி.

ஓடு நன்றாகத்தான் இருக்கிறதாம்.
உள்ளே இருக்கிற லைனர்தான்
ஏழு குளிர்காலம் மிதிபட்டுச் சப்பிப்போய்
ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகால் தூக்குகிறதாம்.
பட்டாளம் எல்லோருக்கும் ஒரே மெத்தைதான் தரும்.
சொந்தக் காசில் வெளிநாட்டிலிருந்து புதுசு வரவழைத்தார்.
ஹவில்தார் ஒச்சப்பன் என்கிற பேரை
பார்சலில் எப்படியோ எழுதியிருந்தார்கள்.
சுங்கம் மட்டும் என் ஒரு மாதத் தையல் கூலி.

சூடாக்கினால் இளகி
காலின் வடிவத்தை அதுவே எடுத்துக்கொள்ளுமாம்.
குறிப்புத்தாளில் மின்அடுப்புப் படம்.
எங்களிடம் இருப்பது இரும்புச் சட்டியும்
இரண்டு படி ரேஷன் அரிசியும்.

சிவக்கக் கூடாது, பொரியக் கூடாது,
மேலே கை காட்டினால் சுருக்கென்று இழுக்கணும்.
பழைய காக்கி சாக்ஸில் கொட்டி, முடிச்சுப் போட்டு
லைனருக்குள் இறக்கினேன்.
காலே இல்லாத ஒரு காலுக்கு ஒத்தடம்.

கீழ்வீட்டு ஜெசிந்தா படியேறி வந்தாள்.
"வாசனையா இருக்கே, பொரியா வறுக்கிறீங்க?"
ஆமாம் என்றேன்.
பூட்ஸ் வேகிறது என்று எப்படிச் சொல்ல.

விரல் நுனிக்கு ஸ்பாஞ்சில் ஒரு தொப்பி வேணும்,
மெத்தை இறுகினாலும் விரலுக்கு இடம் மிஞ்ச.
அது என் வேலை.
"சாக்ஸைக் கழட்டுங்க, அளவெடுக்கணும்."

வந்து நாலு நாள்.
இந்த வெயிலில் நாலு நாளும் சாக்ஸ்.
பழக்கம் என்றிருந்தார்.

இடது சுண்டுவிரல் பாதியில் முடிந்திருந்தது.
நகம் இருக்கவேண்டிய இடத்தில்
பளபளவென்று புதுத்தோல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அரிசி ஆறிவிடும்.

தொப்பியை மாட்டி, மெல்லிய சாக்ஸைப் போட்டு
ஓட்டை நான் விரித்துப் பிடிக்க
கால் உள்ளே போனது.
கொக்கி லேசாக.
விரல் பக்கம் இரண்டு அங்குலம் உயர
மகளின் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல்.
பத்து நிமிடம் அசையக் கூடாது.

கரண்ட் போனது.

"எப்போ?"
"பிப்ரவரி."
"பிப்ரவரியில கால் வலிக்குதுன்னு மட்டும் சொன்னீங்க."
"வலிச்சது."
"விரல் போச்சுன்னு சொல்லல."
"பாதிதானே."

வேறு நாளாயிருந்தால்
பைக் துடைக்கக் கீழே இறங்கியிருப்பார்,
தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடி ஏறியிருப்பார்.
இன்றைக்கு நாலு கொக்கியும் என் பக்கம்.

ஆறு நிமிடம் இருந்தது.
சரிந்த பனிக்குள்ளிருந்து ஒரு பையனைத்
தோண்டி எடுத்த ராத்திரி.
சப்பிப்போன லைனர் நனைந்திருந்தது,
காயவைக்க நேரமில்லை.
"அந்தப் பையன்?"
"இருக்கான். போன மாசம் கல்யாணம்."

பனியைப் பற்றிச் சொல்லச் சொல்ல
மோவாயிலிருந்து வியர்வை
ஆரஞ்சு ஓட்டில் சொட்டியது.
துடைக்கக் குனிந்தவரை
அசையாதீங்க என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே.

பழைய லைனரைக் குப்பையில் போடச் சொன்னார்.
போடுமுன் உள்ளே கை விட்டேன்.
விரல் விரலாகக் குழிகள்,
ஓரத்துக் கடைசிக் குழி முழுசாக.
புதிதுக்கு நாலரைதான் தெரியும்.
அதனிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை.

அரிசியைத் திரும்பச் சட்டியில் கொட்டினேன்.
கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது.
வலது கால் பாக்கி.
பையின் பக்க ஜிப்பில்
மடித்த படிவம் ஒன்றைக் காலையில் பார்த்தேன்,
இன்னும் இரண்டு வருடத்துக்கு,
கையெழுத்து போட்டது.

அடுப்பைச் சின்னதாக்கினேன்.
எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.