பதினோராவது கிளாஸ்

முட்டம் துறைமுகம், ஏலக் கொட்டகையின் பின்புறம்.
ஐஸ் பெட்டி மேல் நோட்டை விரித்து
நான் எழுதும் எண்களில் பாதிக்குக் கணவாய் மை.
டீசல் கழித்து, ஐஸ் கழித்து, வலைக்கு எடுத்து வைத்து
வருவதைப் பத்துப் பேருக்குப் பகிர வேண்டும்.
ஒருநாளும் ஒழுங்காகப் பகிராது.

அதனால்தான் இவன்மேல் எனக்கு ஒரு கண்:
3816547290.
முன்னூற்று எண்பத்தொரு கோடிச் சொச்சம்.
முப்பத்தெட்டு, பதினாறு, ஐம்பத்துநாலு, எழுபத்திரண்டு, தொண்ணூறு
என்று ஜோடி ஜோடியாகச் சொன்னால் நாக்கில் நிற்பான்.
பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லாரும் உள்ளே,
யாரும் இரண்டு தரம் வரவில்லை.

பத்துப் பேர் பகிர்ந்தால் மீதியில்லை.
கடைசி இலக்கத்தோடு பெனான்சி இறங்கிப் போகட்டும்
(அவன் மடியில் பூஜ்யம், பாவம்),
நிற்பது ஒன்பது பேருக்குச் சரி.
ஒன்பதைத் தூக்கிக்கொண்டு ஈனாசி போனால்
எட்டுப் பேருக்கு.
இரண்டு போனால் ஏழு.
அங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வகுத்தேன்,
ஏழு எங்கள் ஸ்ராங்கு மாதிரி, லேசில் இணங்காது.
3816547.
ஐந்து லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து இருநூற்று இருபத்தொன்று
ஆளுக்கு.
இணங்கிவிட்டது!

பிறகு ஆறு, ஐந்து, நாலு, மூன்று.
முப்பத்தெட்டை இருவர், பத்தொன்பது பத்தொன்பதாக.
கடைசியில் போட்டில் ஒற்றை ஆள்,
கையில் மூன்று.

இதே பத்து இலக்கத்தைக் கலைத்துப் போட்டால்
இன்னொன்று கிடைக்காதா என்று
கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில்
ஒரு குயர் நோட்டை அடித்துத் திருத்தித் தீர்த்தேன்.
பூஜ்யத்துக்குக் கடைசி இடம், ஐந்துக்கு ஐந்தாம் இடம்,
இரட்டை இடங்களில் இரட்டைப்படைதான் உட்காரும்.
எப்படிச் சுற்றினாலும்
எட்டிலோ ஏழிலோ வந்து தரை தட்டியது.
வேறு இல்லை. இவன் ஒருத்தன்தான்.

பத்து இலக்கமாயிற்றே,
ஒருநாள் போனில் அழுத்தியும் பார்த்தேன்.
எண்ணைச் சரிபார்க்கச் சொன்னாள் ஒருத்தி.
நான் சரிபார்த்த அளவுக்கு
யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?
மூன்றில் தொடங்கும் மொபைல் எண் நாட்டிலேயே கிடையாது,
மறந்துவிட்டேன்.

போட்டில் பத்துப் பேர்.
கடலுக்குப் போகாத பதினோராவது ஆள் நான்,
சம்பளம் வேறு கணக்கு.
ஆனாலும் ஒரு ஆசையில்
என்னையும் சேர்த்து அவனை வகுத்துப் பார்த்தேன்.
மீதி ஆறு.

இன்றைக்குப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.
ஆளுக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது,
தட்டில் நாற்பத்தேழு ரூபாய் பகிராமல் கிடந்தது.
'சாயாவுக்கு ஆச்சு' என்றான் தொபியாஸ்.

நாலு சாயா சொன்னோம்.
'எத்தனை கிளாஸ்ல ஊத்த?' என்று கேட்டாள் லீமா.
பத்து என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஸ்ராங்கு முந்திக்கொண்டார்:
'பதினொண்ணு.'