ஒன்றும் மாறவில்லை

ஓலு நகரில் டிசம்பர்.
மதியம் இரண்டுக்கே இருட்டிவிடும்.
ஆய்வகத்துச் சுண்டெலிகளுக்கு
விளக்குதான் சூரியன்,
துவோவி ருவோகாமோதான் பொழுது.

பத்தொன்பது வருடம்.
ஓர் எழுத்து விடுபட்ட மரபணு.
அம்மாக்கள் அறியாமலே சுமந்து
மகன்களிடம் இறக்கிவைப்பது.
முதலில் இரவு போகும்,
பிறகு ஓரங்கள்.
நாற்பதில் ஒரு சாவித்துவாரம் மிஞ்சும்.

வைரஸின் விஷத்தைக் கழற்றிவிட்டு
வெறுங்கூட்டில்
விடுபட்டதை எழுதி அனுப்பினாள்.
முதல் எலிகள் செத்தன.
நிதிக்குழு இரண்டு முறை கையை விரித்தது.
கணவன் ஒருமுறைதான்,
அதுவே போதுமாக இருந்தது.

வடக்கிலிருந்து ஏமெலி வந்தார்.
கலைமான் காதின் வெட்டுக்குறி பார்த்து
யாருடையது என்று சொல்லும் குடும்பம்.
கடைசிப் பத்து வருடம்
அப்பா விரலால் தடவித்தான் சொன்னாராம்.

வலது கண்ணில்
முடியளவு ஊசி, ஒரு துளி.
இடது கண்ணை விட்டுவைத்தார்கள், ஒப்பிட.

மூன்றாம் வருடம்
"ஒன்றும் மாறவில்லை டாக்டர்" என்றார்,
மன்னிப்புக் கேட்பதுபோல.
"வலதில் அதே சாவித்துவாரம்தான்."

"இடதில்?"

வலதை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார்.
வெகுநேரம் பொத்தியே இருந்தார்.

திரையில் இரண்டு கோடுகள்.
ஒன்று சரிந்துகொண்டே போகிறது.
மற்றது
உறைந்த ஏரிபோலக் கிடக்கிறது, மட்டமாக.
துவோவி அதன்மேல் விரலை வைத்தாள்.
கோட்டின் விளிம்புவரை போனாள்,
திரும்பி வந்தாள்,
மறுபடி போனாள்.

"அப்படியானால் இடதுக்கு எப்போது?"

நிதிக்குழு
மார்ச்சில்தான் கூடுகிறது என்றாள்.