நாற்பத்தொன்பது படி

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழல் விழும் சந்தில்
மூன்று மாடி. கீழே ரப்பர் ஷீட் கிட்டங்கி,
புகையடித்த வாடை மொட்டைமாடி வரை.

தீயணைப்பான் இருக்கிறது. காலாவதியாகி
மூன்று ஓணம் கழிந்துவிட்டது.
மணல் வாளியில் யாரோ கற்றாழை நட்டிருக்கிறார்கள்,
நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

பின்படிக்கு இரும்புக் கேட், அதற்கொரு பூட்டு.
"சாவி பிரைட்சன் அண்ணன்ட்ட உண்டு சார்."
"கூப்பிடுங்க."
"அவிய மஸ்கட்ல."

இடர்: குறைவு, நடுத்தரம், அதிகம்.
ஒன்றை மட்டும் டிக் செய்க.
பேனாவை உதறிக்கொண்டு மேலே ஏறினேன்.

மூன்றாம் மாடியில் வின்சிலாஸ்.
தென்னையிலிருந்து விழுந்து ஆறு வருடம்,
இடுப்புக்குக் கீழே அசைவில்லை.
தீ பிடித்தால் இவரை யார் தூக்குவது?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் கிறுக்கி வைத்தேன்.

"நாப்பத்தொம்பது படி சார்" என்றார்.
"படுத்துக்கிட்டே எண்ணினது,
ஆளுவ ஏறி வார சத்தத்துல."

நான் எண்ணியது ஐம்பத்தொன்று.
திருத்தவில்லை. பூட்ஸ் அதிர இறங்கினேன்.

அடிப்படி இரண்டிலும்
கிட்டங்கிக்குள் இடம் காணாத ஷீட்டுகள்
விரிப்புபோல் கிடந்தன.
மிதித்தேன். சத்தமே இல்லை.

மேலே அவர் எண்ணி முடித்திருப்பார்.
நான் இன்னும் வெளியே வரவில்லை.