தாளில் ஒரு ஓட்டை

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
செல்லப்பிராணி. கால்நடை.
மார்ச் முழுக்க அது ஃப்ரிட்ஜ் கதவில்
காந்தத்தின் கீழ் தொங்கியது.
ஆரன் பென்சிலால் ஒன்றில் குறியிடுவான்,
நான் அழிப்பேன்.
மறுநாள் நான் இட்டதை அவன்.
தாள் அந்த இடத்தில் நைந்து
விரல் நகம் பட்டால் கிழியும் பதத்தில் இருந்தது.

நான்கு பெட்டைகள் எங்களுக்கு.
கிடா இரவல், லெமியூ பண்ணையிலிருந்து;
மூன்று வாரத்துக்கு அறுபது டாலரும்
ஒரு ஜாடி மேப்பிள் பாகும்.
அதன் வீச்சம் என் கோட்டை விட்டு
இன்னும் போகவில்லை.

வெர்மான்ட் பனி இளகத் தொடங்கிய இரவில்
ஒன்றன்பின் ஒன்றாக ஈன்றன.
ஏழு குட்டிகள். ஐந்து கிடா.
மறிகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை;
மடி வரும், பால் வரும்.
கிடாக்குட்டிகள்தான்
சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தன,
பேச்சாக. இப்போதைக்குப் பேச்சாக.

போன ஈற்றில் ஒன்றைக் காயடித்து
பாஸ்டன் பக்கத்துத் தம்பதிக்கு விற்றோம்.
வாஃபிள் என்று பெயரிட்டார்கள்.
கிறிஸ்துமஸுக்குப் படம் வந்தது:
நீலக் கழுத்துப்பட்டை, சோபா.
பிப்ரவரியில் அதுவே வந்தது,
காரின் பின்னிருக்கையில்.
ஆசை ஆசையாய் ஊட்டிய தானியமெல்லாம்
சிறுநீர்ப் பாதையில் கல்லாகி
நின்றபடி பல்லை நறநறத்துக்கொண்டிருந்தது.
மருத்துவர் ஊசியோடு வந்து
ஊசியோடு முடித்தார்.
அவர்கள் காருக்குள்ளேயே அழுதார்கள்.
பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரலில் டம்பர் கட்டுவால் வந்தார்,
பர்லிங்டனிலிருந்து, மகன் ஓட்டிவர.
தசைன் பண்டிகைக்கு இரண்டு வேண்டுமாம்,
அக்டோபரில்.
கொட்டிலுக்குள் போனவர் பேசவில்லை.
ஒவ்வொன்றின் முதுகுத்தண்டிலும் விரலோட்டினார்,
கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
"இதுக்கு ரத்தம் இல்லை. குடல்புழு.
இன்னைக்கே மருந்து குடுங்க" என்றார்,
தான் வாங்கப்போகாத ஒன்றைக் காட்டி.
பிறகு மடக்குக் கத்தியை எடுத்து
தாய் ஆட்டின் வளர்ந்த குளம்பைச் சீவினார்,
யாரும் கேட்காமலே.
அது அவர் முழங்காலில் காலை வைத்துக்கொண்டு
அசைபோட்டது.

அன்றிரவு ஆரன்
"பாத்தியா" என்றான்.
பார்த்தேன்தான்.
அதற்காக
அந்தக் கத்தியை நான் மறந்துவிட வேண்டுமா?

இரண்டு அவருக்கு என்று முடிவானது.
காதில் எண்கள் பதினொன்று, பன்னிரண்டு.
இரண்டு, ஷெல்பர்னில் குதிரை வளர்க்கும் ஒரு பெண்ணுக்கு;
தானியம் தர மாட்டேன் என்று
எழுதி வாங்கிக்கொண்டேன்.
அந்த வெளிறிய இமைக்காரனுக்கு
எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.
"ஏய்" என்றால் வருகிறான்.
சொல்லாவிட்டாலும் வருகிறான்.

ஆகஸ்டில் லெமியூ ஃபோன் செய்தார்:
இந்த வருஷமும் கிடாவை அனுப்பவா?
யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
"பத்தாம் தேதிக்கு மேல அனுப்புங்க" என்று வந்தது.

படிவம் இன்னும் தொங்குகிறது.
கட்டங்கள் இருந்த இடத்தில் ஓட்டை.
அதன் வழியே
ஃப்ரிட்ஜின் வெள்ளை தெரிகிறது.