நீலத்தில் எழுத்து

காளவாசல் ஆபீசில் இரவு ஷிப்ட்.
திரையில் இங்கிலாந்தின் ஸ்பர்ன் முனை:
மூன்று மைல் மணல்நாக்கு,
நடுவில் வைகையைவிட ஒல்லி.

பழைய படத்தின் மேல் புதுசை வைத்தால்
கரை மேற்கே நகர்ந்து கிடக்கிறது.
“கோடு பொருந்தலையே, ஹம்சவேணி.”
“கோடு சரிதான் சார். நிலம் நிக்கல.”

கலங்கரை விளக்கம் இருக்கிறது, எரிவதில்லை.
அதற்கப்பால் எங்கோ
சந்தையும் சிறைக்கூடமுமாய் ஒரு துறைமுகம்.
கடல் கொண்டுபோய் அறுநூறு வருஷத்துக்கு மேல்.
அதன் பேரை எந்த லேயரில் போட?

தஸ்தகீர் சார் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே பரோட்டாக் கல்லில் தட்டுச் சத்தம்.
“முழுகிப்போன அக்காளோட பேரைத்தான்
நம்ம ஊரும் போட்டுக்கிட்டு அலையுதும்பாங்க.
எழுதும்மா.”

நீலத்தின் மேல் சாய்வாக எழுதினேன்.

விடிந்ததும் க்ளையன்ட் மெயில்:
தண்ணீரில் எழுத்து வேண்டாம்.