முதல் வகுப்புப் பையன்

கார்டிஃப் துறைமுகம், 1903

பெயர் லெட்டிஸ், ஐயா. பிறந்த வீட்டில் ப்ரோசர்.
அவர் பெயரைத்தான் கேட்கிறீர்களா?
எஸாவ் கில்யார்ட்.
உங்கள் கப்பல் ஏட்டில் ஈசா கில்லியட்,
தேவாலயப் பதிவில் எஸோ கிலார்டு.
மூவரும் ஒருவரே.
எழுதியவர்கள்தான் மூன்று பேர்.

வயதா?
நெல் கருகிய வருடம் பிறந்தாய் என்று
அவர் அம்மா சொன்னாளாம்.
எந்த வருடம் கருகியதென்று
உங்கள் அமெரிக்காவில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தென் கரோலினாவில் நெல் விளையும் என்பதே
அவரைக் கட்டிய பிறகு தெரிந்துகொண்டது.
ஓதம் ஏறுகையில் மடை திறப்பது,
நீர் வேண்டியமட்டும் நின்றதும் அடைப்பது.
இடுப்புவரை சேறு. மேலே பாம்பு.
ஓதத்தின் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது
எசமானின் தவறு.
நிலவில்லாத ஓர் இரவு, வற்றம் தொடங்கிய நேரம் பார்த்து
துடுப்புக்குச் சாக்குத்துணி சுற்றி
படகை அவிழ்த்தார்.
மிச்சத்தை ஆறு பார்த்துக்கொண்டது.
விடியும்போது உங்கள் கப்பலின் இரும்பைத் தொட்டுவிட்டார்.

ஏட்டைப் பார்த்திருப்பீர்கள்.
தரம்: முதல் வகுப்புப் பையன்.
முப்பதைத் தாண்டியவர், ஐயா.
பையன் கரி அள்ளினார்,
பையன் பீரங்கிக்கு மருந்து சுமந்தார்,
பதினாறு வயது வெள்ளைக்காரப் பிள்ளை கூப்பிட்டபோது
பையன் ஓடினார்.

அடையாளமா? இடக் கன்னம்.
தோலுக்குள் புதைந்த வெடிமருந்து, நீலமாய், ஏழு புள்ளி.
சிரித்தால் ஆறுதான் தெரியும்,
ஒன்று மடிப்புக்குள் போய்விடும்.
இதை எந்த மருத்துவரும் எழுதியிருக்க மாட்டார்.
நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

விடுவிப்புத் தாள் இல்லை.
லிவர்பூலில், விடுதியில், தூங்கும்போது போய்விட்டது.
அதைச் சுற்றியிருந்த மெழுகுத்துணி இதோ.
நான்காய் மடிந்த தடம் இன்னும் இருக்கிறது பாருங்கள்.
ஞாயிறுதோறும் வெறுந்துணியை விரித்து
அதே மடிப்பில் மடித்து வைப்பார்.

இங்கேயும் கரிதான்.
ரொண்டாவிலிருந்து வரும் கரியைக் கப்பலில் கொட்டுவது.
மாலையில் துறையிலிருந்து வருகிற ஆண்கள்
எல்லோரும் ஒரே நிறம்.
குழாயடி வந்ததும் என் அண்ணன் வெளுத்துவிடுவான்.
துறைக்கும் குழாயடிக்கும் நடுவே
கால் மைல்.
அந்தக் கால் மைல் மட்டும் அவரோடு பேசுவான்.

ஒருமுறை பாலில் அரிசி வேகவைத்துச்
சர்க்கரை போட்டுத் தந்தேன்.
கோபமில்லை. தட்டைத் தள்ளிவிட்டுக்
கொல்லையில் போய் நின்றார்,
காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பவர் போல.
பிறகு அரிசி வாங்கியதில்லை.

*

முன்பே மணமானவரா என்று கேட்டார் தூதரகத்துக்காரர்.

இந்தக் கேள்விமேல்தான்
மாதம் எட்டு டாலர் நிற்கிறதென்று
மாடிப்படியில் இன்னொரு விதவை சொல்லியிருந்தாள்.

தூக்கத்தில் அவர் கூப்பிடும் பெயர் என்னுடையதல்ல.
மின்டா, என்பார்.
மின்டா, சத்தம் போடாதே, துடுப்பை மெல்ல.
படகில் ஏறியது இருவரா,
கப்பலில் ஏறியது ஏன் ஒருவர்,
இருபத்தாறு வருடமும் நான் கேட்கவில்லை.
கேட்காததே என் சீதனம்.
அவர்கள் கல்யாணத்தை எழுத அங்கே ஏடு கிடையாது.
கோவேறு கழுதைகளுக்குக் கீழே
இரண்டு பெயர், இரண்டு விலை.
அவ்வளவுதான் இருந்திருக்கும்.

இல்லை, ஐயா, என்றேன்.

எழுத்தர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார்:
ஏசா கிலியர்ட்டின் விதவை.
நான்காவது ஆள்.
திருத்தவில்லை.

வெளியே வற்றம்.
டாஃப் ஆற்று வாயில்
படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.
நீர் ஏறும்வரை அவை எங்கும் போக முடியாது.
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு, பியூட் தெருக் கடையில்
கால் பவுண்டு அரிசி கேட்டேன்.
பொட்டலம் கட்டக் காகிதம் தீர்ந்துவிட்டதாம்.
மெழுகுத்துணியை விரித்துப் பிடித்தேன்.